பயனர் தவறு

நவம்பர் 4, திங்கள்

இந்த நோட்டை இன்று தொடங்கக் காரணம் இருக்கிறது. அலுவலகத்தில் என் முதுகுக்குப் பின்னால் ஏதோ நடக்கிறது. என்ன என்று இன்னும் பிடிபடவில்லை. பிடிபடும்போது தேதியோடு என் கையில் ஆதாரம் இருக்க வேண்டும். பிறகு யாரும் "நான் அப்படிச் சொல்லவே இல்லையே சுகந்தி" என்று மழுப்பக் கூடாது.

எங்கள் முதலாளி நந்தகோபால் சார் பெங்களூரில் ஒரு தொழில்நுட்ப மாநாட்டுக்குப் போய்விட்டு தீபாவளிக்கு முதல் நாள்தான் திரும்பினார். மாநாட்டுக்குப் போய்வந்தால் மனிதருக்கு ஒரு மாதம் காய்ச்சல் இருக்கும். போன வருடம் போய்வந்து எல்லாக் கூட்டத்தையும் நின்றுகொண்டே நடத்தச் சொன்னார். எனக்கு முட்டிவலி வந்ததுதான் மிச்சம். இன்று காலை கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"இப்ப ட்ரெண்டே வேற சுகந்தி. டெஸ்ட்டை ஏஐயே எழுதுது, ஏஐயே ஓட்டுது. நாம இன்னும் பழைய ஃபைலை வெச்சு ஓட்டிட்டு இருக்கோம். மூணு டூல் பாத்து வெச்சிருக்கேன். ட்ரையல் பண்ணி ஒண்ண முடிவு பண்ணுங்க. நீங்களும் ஷமீமாவும்."

பழைய ஃபைல் என்றால் நான் எழுதியது. பதினோரு வருடமாக இங்கே சோதனைப் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. "நீங்களும் ஷமீமாவும்" என்ற வார்த்தையைக் குறித்துக்கொள்கிறேன்.

தீபாவளி அதிரசம் இன்னும் அரை டப்பா இருக்கிறது. யாரும் தொடவில்லை. பாகு முறுகிவிட்டதாம்.

நவம்பர் 5, செவ்வாய்

நோட்டைப் பின்னாளில் யார் படித்தாலும் புரிய வேண்டும் என்பதால் வேலையைப் பற்றிக் கொஞ்சம்.

எங்கள் மென்பொருள் டயாலிசிஸ் மையங்களுக்கானது. கொங்கு வட்டாரத்தில் பதினொரு மையங்கள், எல்லாம் ஒரே நிர்வாகம். எந்த நோயாளி, எந்த நாள், எந்த மெஷின் என்பதை நாங்கள்தான் வைத்திருக்கிறோம். ஒரு மையத்தில் மெஷின் பழுதானால் நோயாளியின் முறையைப் பக்கத்து ஊர் மையத்துக்கு மாற்றவேண்டும். இந்த மையத்துக் கணினி "இவருக்கு வியாழக்கிழமை இடம் உண்டா?" என்று சர்வரிடம் கேட்கும். அது "சரி" என்று சொல்லி எழுதிக்கொள்ளும். இப்படி ஒரு கணினி கேட்கவும் இன்னொன்று பதில் சொல்லவும் உள்ள வாசலுக்குத்தான் ஏபிஐ என்று பெயர். அந்த வாசலில் நின்று 412 கேள்வி கேட்டு, பதில் ஒழுங்காக வருகிறதா என்று பார்ப்பது என் சோதனைகளின் வேலை. ஒழுங்கென்றால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. தினமும் காலை எட்டரைக்கு தானாக ஓடும்.

டிசம்பர் ஒன்று முதல் பதினொரு மையம் நாற்பத்திரண்டு ஆகிறது. அதற்கு முன் "எல்லாம் சரி" என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். முறை தவறினால் அந்த நோயாளிகளுக்கு உடம்பில் நீர் ஏறிவிடும். அதனால்தான் கண்டவர் கையில் கொடுக்கிற வேலை இல்லை இது.

ஷமீமா செப்டம்பரில் சேர்ந்தவள். என்னைவிட ஐந்து வயது இளையவள். ஒன்பது வருடம் வேலையை விட்டு வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். இப்படி வருபவர்கள் முதல் ஆறு மாதம் பயந்து பயந்து இருப்பார்கள். இவளுக்கு அந்தப் பயமே இல்லை. இன்று என்னிடம் வந்து, "இந்த வருஷப் புகார் லிஸ்ட்டும் வேணும் சுகந்தி. மூடினதும் சேத்து," என்றாள்.

டூல் தேர்வு செய்வதற்கு, மையங்களிலிருந்து வந்து நான் விசாரித்து மூடிய புகார் எதற்கு? கொடுத்தேன். கொடுத்த நேரம் 3.40.

நவம்பர் 6, புதன்

இன்றும் வாசலில் நியூஸ் பேப்பர் இல்லை, யாரோ எடுத்துவிடுகிறார்கள். கீழ்வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு போகிறார். பிடிக்கிறேன் ஒரு நாள்.

மூன்று டூல்களுக்கும் வாயில் நுழையாத பெயர்கள். இங்கே அ, ஆ, இ என்றே எழுதுகிறேன். அ இலவசமானது, கறுப்புத் திரையில் எழுத்தாகவே ஓடும், எனக்குப் பிடித்தது. ஆ சுட்டியால் தட்டித் தட்டிச் செய்வது. இ தான் பெங்களூர் சரக்கு. "ஏஐ பாத்துக்கும்" என்று அதன் விற்பனைக்காரர் ஒரு மணி நேரத்தில் பத்தொன்பது தடவை சொன்னார். எண்ணினேன்.

மதியம் சாப்பிடும்போது நந்தகோபால் சார் நல்ல மூடில் இருந்தார். போன வருடம் மார்ச்சில் நடந்த டெமோ கதையை ஷமீமாவுக்குச் சொன்னார். மைய நிர்வாகத்தினர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள், எங்கள் சோதனை சர்வர், அதாவது மையங்கள் தொடாத, நிஜ மென்பொருளின் நகல் ஓடும் சர்வர், அந்த நேரம் பார்த்துப் படுத்துவிட்டது. நான் பத்தே நிமிடத்தில் என் ஃபைலில் முகவரியை மாற்றி, சோதனைகளைப் பொம்மை சர்வர் பக்கம் திருப்பிவிட்டேன். பொம்மை என்பது நிஜ சர்வர் போல நடிக்கும் ஒன்று. என்ன கேட்டாலும் முன்பே எழுதிவைத்த நல்ல பதிலைச் சொல்லும், உள்ளே ஒன்றும் கிடையாது. திரை முழுக்கப் பச்சை. கை தட்டினார்கள்.

"அன்னிக்கு மானத்தைக் காப்பாத்துனது சுகந்திதான்," என்றார் சார்.

நான் சும்மா இருக்காமல், "அன்னிலிருந்து இன்னிக்கு வரைக்கும் ஒரு நாள்கூடச் சிவப்பு வந்ததில்ல சார்," என்றேன். உண்மைதானே. ஷமீமா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். வயிற்றெரிச்சல்.

நவம்பர் 8, வெள்ளி

இன்று மூன்று முறை ஷமீமா போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். 11.15, 12.50, 4.05. கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறாள். கையில் ஒரு சிறு நோட்டு, பேசப்பேச எழுதுகிறாள். நான் தண்ணீர் பாட்டிலோடு அந்தப் பக்கம் போனதும் குரலைத் தாழ்த்தினாள்.

வாஷிங் மெஷின் ரிப்பேருக்கு ஆள் வந்து போனார். பழைய பெல்ட்டைக் கேட்டேன், குப்பையில் போட்டுவிட்டாராம். நல்ல பெல்ட்டாக இருந்தால் இன்னொரு வீட்டில் மாட்டலாமே.

நவம்பர் 11, திங்கள்

அ டூலில் என் பழைய ஃபைலை ஏற்றினோம். 412க்கு 412 பச்சை. நாற்பது நொடி. அழகு.

நவம்பர் 13, புதன்

ஆ டூலிலும் அதே ஃபைல். 412க்கு 412. கொஞ்சம் மெதுவு, ஆனால் பாஸ். சாருக்கு முகம் தொங்கிவிட்டது. அவருக்கு இ ஜெயிக்க வேண்டும்.

நவம்பர் 14, வியாழன்

நினைத்தபடியே ஆயிற்று.

இ டூல் என் ஃபைலை ஏற்க மறுத்துவிட்டது, வடிவம் பழையதாம். அதனால் ஷமீமா இரண்டு நாளாக உட்கார்ந்து 412 சோதனையையும் அதில் கையாலேயே அடித்தாள். சர்வர் முகவரியும் அவளே போட்டாள். இன்று ஓட்டினால் 37 சிவப்பு. எல்லாம் ஒரே இடத்தில், முறையை வேறு மையத்துக்கு மாற்றும் பகுதியில். இ டூல் சொல்வது இதுதான்: மாற்றச் சொன்னால் சர்வர் "சரி" என்கிறது. அடுத்த நொடி "அந்த ஆள் பட்டியலில் உண்டா?" என்று கேட்டால் இல்லை என்கிறது.

இரண்டு டூல் பச்சை, ஒரு டூல் சிவப்பு. அதுவும் விற்க வந்த டூல். பயம் காட்டி வியாபாரம் செய்கிற தந்திரம் எனக்குத் தெரியாதா? தண்ணீர் சுத்திகரிக்கிற மெஷின் விற்க வருபவன் முதலில் நம் வீட்டுக் குழாய்த் தண்ணீரைக் கலக்கிக் காட்டுவதுபோல.

ஷமீமா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள். "சுகந்தி, இந்த முப்பத்தேழும் நெஜமா இருக்கலாம்னு தோணுது. புகார்லயும்..."

"இந்த டூலை உங்களுக்கு மொதல்ல யாரு காட்டுனது?" என்று கேட்டேன்.

"சார்தான். உங்களுக்குக் காட்டுன அன்னிக்கேதான்," என்று சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். பதில் தயாராக வைத்திருந்தாள் என்று குறித்துக்கொள்கிறேன்.

நவம்பர் 15, வெள்ளி

புகார் எண் 1183 மறுபடி திறந்திருக்கிறது. இது மூன்றாம் முறை. காங்கயம் மையத்து நோயாளி, பெயர் மாரப்பன், வயது 61. காங்கயத்தில் மெஷின் பழுதானதால் தாராபுரம் போகச் சொன்னார்களாம். போனால் பட்டியலில் பெயர் இல்லையாம், திருப்பி அனுப்பிவிட்டார்களாம். ஆகஸ்டில் ஒரு தடவை இதே கதை, அக்டோபரில் ஒரு தடவை இதே கதை.

தாராபுரம் பட்டியலைப் பார்த்தேன். அன்றைக்கு அவர் பெயர் இல்லவே இல்லை. பெயர் இல்லையென்றால் அன்று அவருக்கு முறை இல்லை. இது தெரியாமல் நாள் மாற்றிப் போய் நின்றுவிட்டு எங்கள் தலையில் போடுகிறார்கள். மெஷினில் படுக்கப் பயந்துகொண்டு இப்படிக் கதை கட்டுபவர்களும் உண்டு என்று மையத்து நர்ஸ் ஒருவர் என்னிடமே சொல்லியிருக்கிறார்.

"பயனர் தவறு. நோயாளி தவறான நாளில் வந்துள்ளார்." மூடினேன். இந்த வாக்கியம் எனக்கு இப்போது மனப்பாடம்.

நவம்பர் 18, திங்கள்

இ டூல்காரர்கள் ஒரு பெட்டி மைசூர்பாகு அனுப்பியிருந்தார்கள். ஷமீமாதான் பிரித்து எல்லோருக்கும் நீட்டினாள். நான் எடுக்கவில்லை.

12.30க்கு பால்கனிக் கதவு சரியாகச் சாத்தவில்லை. இது என் காதால் கேட்டது, வார்த்தை பிசகாமல் எழுதுகிறேன்:

"உங்க பேரு வெளிய வராதுங்க, அதுக்கு நான் பொறுப்பு... எத்தன மணிக்கு? கூட யாரு இருந்தாங்க? ... இல்லைங்க, இங்க இன்னும் யாருக்கும் தெரியாது."

இனி என்ன ஆதாரம் வேண்டும்? இ டூல்காரர்களோடு சேர்ந்துகொண்டு என் சோதனைகளுக்குக் கெட்ட பெயர் உண்டாக்கி, டிசம்பருக்குள் என்னை ஓரம் கட்டப் பார்க்கிறாள்.

சாயங்காலம் மறுபடி என்னிடம் வந்தாள். "ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க சுகந்தி. அந்த முப்பத்தேழு..." என்று தொடங்கினாள். கேஸ் புக் பண்ணணும் என்று சொல்லி எழுந்துவிட்டேன். கேஸ் நிஜமாகவே தீர்ந்துவிட்டது.

குணசீலனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் கணவர் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் வாத்தியார். விடைத்தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "மீட்டர் மேல டவுட்னா மெயினை ஆஃப் பண்ணிட்டு முள்ளைப் பாரு. அப்பவும் ஆடுச்சுன்னா மீட்டர் பொய் சொல்லுது," என்றார். இந்த மனிதரும் எப்போதாவது உபயோகமாக ஏதாவது சொல்வார்.

நவம்பர் 19, செவ்வாய்

திட்டம். சோதனை சர்வரை அணைக்கும் அதிகாரம் எனக்கு உண்டு. நாளை மதியம் எல்லோரும் சாப்பிடக் கீழே போனதும் யாரிடமும் சொல்லாமல் அதை அணைக்கிறேன். அணைத்துவிட்டு மூன்று டூலையும் ஓட்டுகிறேன். பதில் சொல்ல ஆளே இல்லாதபோது நேர்மையான டூல் 412ம் சிவப்பு என்றுதான் காட்ட வேண்டும். இ மட்டும் அப்போதும் தன் 37ஐத் தூக்கிக்கொண்டு வரும். படம் பிடித்து, சார் மேஜையில் வைத்து, ஷமீமாவையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கிறேன்.

கைபேசியில் சார்ஜ் போட்டு வைக்க வேண்டும். எலுமிச்சை சாதம் போதும் நாளைக்கு.

நவம்பர் 20, புதன்

1.10க்கு அணைத்தேன். இ: 412 சிவப்பு. அ: 412 பச்சை. ஆ: 412 பச்சை.

நவம்பர் 21, வியாழன்

விடுப்பு. தலைவலி என்று சொன்னேன்.

பருப்பு டப்பாக்களை எல்லாம் கொட்டி வெயிலில் காயவைத்தேன். அலமாரித் தாள் மாற்றினேன். மாவு அரைத்தேன். பூஜை விளக்குகளைப் புளி போட்டுத் தேய்த்தேன். அலுவலகத்திலிருந்து இரண்டு போன் வந்தது, எடுக்கவில்லை.

அ டூலில் கோளாறு இருக்கலாம். ஆ டூலிலும் அதே கோளாறு இருக்கலாம். சர்வர் சரியாக அணையாமல் இருந்திருக்கலாம்.

நவம்பர் 22, வெள்ளி

ஏழரை மணிக்கே போய்விட்டேன். கூட்டிப் பெருக்குகிற அம்மாவைத் தவிர யாருமில்லை. என் ஃபைலைத் திறந்து மேலேயிருந்து வாசித்தேன். ஆறாவது வரியில் சர்வர் முகவரி. அது பொம்மையின் முகவரி.

பக்கத்தில் என் குறிப்பு: "தற்காலிகம். டெமோ முடிந்ததும் மாற்றவும். சு." போன வருடம் மார்ச் 14ஆம் தேதி.

இருபது மாதங்கள். தினமும் காலை எட்டரைக்கு நான் பொம்மையிடம் 412 கேள்வி கேட்டிருக்கிறேன். அதுவும் 412 நல்ல பதில் சொல்லியிருக்கிறது. நான் அதைப் பார்த்துவிட்டுத்தான் காபி குடித்திருக்கிறேன். இந்த இருபது மாதத்தில் நிஜ மென்பொருளில் என்னென்ன மாற்றினார்கள், எதில் எது உடைந்தது என்று யாரும் பார்க்கவில்லை, ஏனென்றால் பார்ப்பதற்கு நான் இருந்தேன். இ டூல் என் ஃபைலை ஏற்காததாலும், ஷமீமா முகவரியைக் கையால் சரியாக அடித்ததாலும்தான் அது சோதனை சர்வரிடமே போய்க் கேட்டிருக்கிறது.

முகவரியை மாற்றி அ டூலை ஓட்டினேன். 37 சிவப்பு. இ காட்டிய அதே முப்பத்தேழு.

பிறகு நான் செய்ததையும் எழுதித்தான் ஆக வேண்டும், ஆதாரத்துக்கு என்று தொடங்கிய நோட்டு இது. என் குறிப்பை அழித்தேன். புது முகவரியோடு சேமித்தேன். திங்கட்கிழமை, "டூல் மாற்றும்போது ஒரு பிழை அகப்பட்டது" என்று சொன்னால் முடிந்தது. யாரும் ஆறாவது வரியின் பழைய கதையைத் தோண்டப் போவதில்லை. பாராட்டுகூடக் கிடைக்கலாம். எட்டே காலுக்கு எல்லோரும் வரத் தொடங்கினார்கள், நான் முகம் கழுவப் போனேன்.

நவம்பர் 23, சனி

காலையில் கீழ்வீட்டுக்காரரை வாசலில் மடக்கிப் பேப்பரைப் பற்றிக் கேட்டேவிட்டேன். அவர் திருதிருவென்று விழித்தார். மாடியிலிருந்து குணசீலன் இறங்கி வந்தார்.

"பேப்பரை நான்தான் நிறுத்தச் சொன்னேன் சுகந்தி. போன்லயே படிச்சுக்கறேன்னு தீபாவளிக்கு முன்னாடியே உன்கிட்ட சொன்னேன். நீ கேக்கவே இல்ல."

கீழ்வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லைங்க," என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு பேப்பருக்கு இப்படி அழுகிறேனே என்று அவர் பயந்துவிட்டார் போலிருக்கிறது, தன் வீட்டுப் பேப்பரைக் கொண்டுவந்து கொடுத்தார்.

நவம்பர் 25, திங்கள்

கையெழுத்துத் தாள் என் மேஜை மேல் இருந்தது. சார் காலையிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

பத்து மணிக்கு ஷமீமா வந்தாள். இந்த முறை நாற்காலியை இழுக்கவில்லை, நின்றபடியே அந்தச் சிறு நோட்டை என் முன்னால் வைத்தாள். பதினான்கு பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே போன் எண், மையம், எந்தத் தேதி, எத்தனை மணிக்குப் போனார்கள், யார் திருப்பி அனுப்பினார்கள், எந்த நர்ஸ் எதைப் பார்த்தார். எல்லாம் நான் "பயனர் தவறு" என்று மூடிய புகார்கள்.

"ஒவ்வொருத்தருக்கா போன் போட்டுப் பேசினேன். பேரைச் சொன்னா மையத்துல கோவிச்சுக்குவாங்கன்னு ரெண்டு நர்ஸ் பயந்தாங்க, வெளிய வராதுன்னு சொல்லியிருக்கேன். எங்க தப்புன்னு எனக்குத் தெரியல சுகந்தி. ஆனா பதினாலு பேரும் சொல்லி வெச்ச மாதிரி பொய் சொல்ல முடியாது இல்லையா?"

பால்கனி. 11.15, 12.50, 4.05.

"ஏன் முன்னாடியே சொல்லல?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு விடை தெரியும்.

"ரெண்டு தடவை சொல்ல வந்தேன். ஒரு தடவை டூலை யாரு காட்டுனதுன்னு கேட்டீங்க. இன்னொரு தடவை கேஸ் புக் பண்ணப் போயிட்டீங்க." அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "சார்கிட்ட நேரா போயிருக்கலாம். உங்க வேலை இது, உங்களைத் தாண்டிப் போறது முறையில்லன்னு தோணுச்சு."

பதினான்கில் மூன்றாவது பெயர் மாரப்பன். அதற்கு எதிரே மட்டும் இரண்டு வரி கூடுதலாக எழுதியிருந்தாள். நவம்பர் 14 அன்று திருப்பி அனுப்பப்பட்டவர் மறுநாள் மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறார். இரண்டு நாள் ஆக்ஸிஜன். நான் பதினைந்தாம் தேதி அவர் புகாரை மூடிய நேரத்தில் அவர் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்திருக்கிறார்.

ஷமீமாவை உட்காரச் சொன்னேன். ஃபைலின் பழைய பதிப்பைத் திறந்து ஆறாவது வரியைக் காட்டினேன். படித்தாள். "ஐயோ சுகந்தி," என்றாள். அவ்வளவுதான். அந்த அழித்த குறிப்பை இருந்த இடத்திலேயே திரும்பப் போட்டேன். பிறகு இருவரும் சார் அறைக்குப் போனோம். கையெழுத்தில்லாத தாளை நான் எடுத்துப் போனேன்.

சார் முழுவதும் கேட்டார். முகம் வெளுத்துவிட்டது. கடைசியில், "டூல் மாத்தும்போது கண்டுபுடிச்சோம்னு நிர்வாகத்துக்குச் சொல்லிக்கலாமே. அது பொய் இல்லையே?" என்றார்.

"பொய் இல்ல சார். இருபது மாசமா என்ன பண்ணிட்டு இருந்தீங்கன்னு அடுத்த கேள்வி வரும். அதுக்கு நான்தான் பதில்," என்றேன். இப்படிப் பேச எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை இல்லாத தைரியம்.

நவம்பர் 26, செவ்வாய்

விரிவாக்கம் தள்ளிப்போயிற்று. நிர்வாகத்திடம் சார் ஒளிக்காமல் சொல்லிவிட்டார், அந்த மட்டும் நல்ல மனிதர். பிழை சரியாகும்வரை மையம் மாற்றும் ஒவ்வொரு முறையையும் நர்ஸ்கள் போனில் பேசி உறுதி செய்ய வேண்டும் என்று பதினொரு மையத்துக்கும் செய்தி போனது. இனி வெளியீட்டுத் தாளில் இரண்டு கையெழுத்து வேண்டும், என்னுடையதும் ஷமீமாவுடையதும். முதலில் அவளுடையது.

டூல் முடிவு: அ. ஏஐ அடுத்த மாநாடு வரை காத்திருக்கட்டும். ஆனால் ஷமீமா ஒரு நிபந்தனை போட்டாள். தினமும் காலை முதல் வேலையாகச் சோதனை சர்வரை அணைத்துவிட்டு ஒரு தடவை ஓட்ட வேண்டும். எல்லாம் சிவப்பாக வந்தால்தான் அன்றைக்குப் பச்சையை நம்பலாம். இன்று காலை ஓட்டினோம். 412 சிவப்பையும் பார்த்து ஷமீமா "மாஷா அல்லாஹ்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளுக்கும் வந்தது.

மதியம் பதினான்கு புகார்களையும் திரும்பத் திறந்தேன். காரணத்தை மாற்றப் போனால் அந்தக் கட்டத்தில் தேர்ந்தெடுக்க மூன்றே வழிதான் இருக்கிறது: பயனர் தவறு, மையத்தின் தவறு, இணையக் கோளாறு. எங்கள் தவறு என்று ஒன்று பட்டியலிலேயே இல்லை. அந்தப் பட்டியலைப் போட்டவளும் நான்தான். நான்காவதாக ஒன்று சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நவம்பர் 27, புதன்

பதினான்கு பேருக்கும் நானே பேசுகிறேன் என்று ஷமீமாவிடம் சொன்னேன். நோட்டைக் கொடுத்தாள். பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். முதலில் மாரப்பன்.

காங்கயம் மையத்தில் மெஷினில் படுத்திருந்தார். ஒரு கை சும்மாதான் இருக்கிறது, பேசலாம் என்றார். நான் யார் என்று சொன்னேன். பட்டியலில் அவர் பெயர் ஏறாமல் போனது எங்கள் கணினியின் தவறு, அதைக் கவனிக்காமல் விட்டது என் தவறு, மூன்று தடவையும் அவர் சரியான நாளில்தான் போயிருக்கிறார் என்று சொன்னேன். பாதியில் குரல் உடைந்தது.

"அளுவாதீங்க அம்மிணி. மனசன் கைல ஆவுறதுதானுங்," என்றார். "எனக்கு ஒடம்புக்கு வந்ததுகூடப் பெருசில்லீங்க. கம்ப்யூட்டர்காரங்களே பாத்துச் சொல்லிப்போட்டாங்க, நாந்தான் நாளு மாறிப் போனேன்னு. அதக் கேட்டுட்டு எம்பட பையன் என்ர பேச்ச நம்பறதே இல்லீங். ஊசிக்குப் பயந்துட்டுப் பாதி வளீல திரும்பி வந்தர்றேன்னு நெனச்சுப்போட்டான். ஒருக்கா அவங்கிட்டச் சொல்லிருங்க சாமி. நாஞ் சொன்னா எடுபடாது."

சொல்கிறேன் என்றேன். மகன் பெயர் சண்முகவேல். மினி பஸ் ஓட்டுகிறாராம், ஆறு மணிக்குமேல்தான் வீட்டில் இருப்பாராம்.

ஆறே காலுக்கு அழைத்தேன். எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். லைன் போய்விட்டதோ என்று "ஹலோ" என்றேன்.

"மூணு தடவையுமுங்களா?"

"மூணு தடவையும்ங்க. உங்க அப்பா சொன்னது அத்தனையும் நிஜம்."

"போன மாசம் அந்த நர்ஸம்மா முன்னால கொண்டுட்டுப் போயி நிறுத்தி, பொய் சொன்னதுக்கு மன்னிப்புக் கேளுங்கன்னு சொன்னனுங்க," என்றார் சண்முகவேல். "கேட்டாருங்க. கையெடுத்துக் கும்புட்டுக் கேட்டாரு."

அந்தப் பக்கத்தில் ஒரு கதவு திறக்கும் சத்தம் கேட்டது. தூரத்தில் மாரப்பனின் குரல், "யாருப்பா போன்ல?" என்று கேட்டது. மகன் போனை வைக்கவும் இல்லை, அவருக்குப் பதில் சொல்லவும் இல்லை. சண்முகவேல் அழுவது மட்டும் எனக்குக் கேட்டது.

இன்னும் பதின்மூன்று பேர் இருக்கிறார்கள். நாளை காலை சோதனை சர்வரை அணைத்து ஓட்டி முடித்ததும் அடுத்த எண்ணை அழைக்க வேண்டும்.